பௌலிங் பந்தின் உட்கரு

பௌலிங் ஆட்டத்தில் பந்தை உருட்டும் கோட்டிலிருந்து முதற் கட்டை 60 அடி தொலைவில் உள்ளது. பந்தின் எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது; விட்டம் ஏறத்தாழ 8½ அங்குலம். அளவும் எடையும் மேற்பரப்பும் ஒத்த இரு பந்துகளை ஒரே விதமாக உருட்டினும், ஒன்று முன்னதாகவே வளைகின்றது. மற்றொன்று நெடுந்தூரம் வழுக்கிச் சென்று பின்னரே வளைகின்றது. இதன் காரணம் யாது?

பந்தினுள் அடர்த்தி வேறுபட்ட உட்கரு ஒன்று உள்ளது. பொருண்மை மையத்தருகே திரண்டிருப்பின் நிலைமத் திருப்புத்திறன் குறையும். ஆதலின் உராய்வு பந்தை விரைவில் உருளும் நிலைக்குக் கொணரும். பொருண்மை விளிம்பை நோக்கிப் பரவியிருப்பின் வழுக்கல் நீடிக்கும். சீரான கோளமாயின் இப்பந்தின் சுழற்சி ஆரம் 2.69 அங்குலமாகும், உட்கருவின் அமைப்பு இதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது.

மேலும், உட்கரு எல்லாத் திசைகளிலும் ஒத்த வடிவுடையதன்று. எனவே விரற்குழிகளின் இடத்தைப் பொறுத்துச் சுழலச்சு பந்தினுள் மெல்ல இடம் பெயரும். தளத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். அச்சு பெயராவிடின் பந்தின் ஒரே வளையம் மீண்டும் மீண்டும் எண்ணெயில் தோய்ந்து பிடிப்பிழக்கும். பெயருமாயின் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப்பரப்பு தளத்தைத் தொடும், உராய்வு மிகும், வளைவும் மிகும்.

நேராக வரும் பந்தைவிட, வளைந்து சாய்வாக நுழையும் பந்தே பத்துக் கட்டைகளையும் வீழ்த்தும் வாய்ப்பு மிக்கது. எனினும் உட்கரு தானாகப் பந்தைத் திருப்புவதில்லை. ஆட்டக்காரர் கையால் ஊட்டிய சுழற்சியைக் கொண்டு பந்தைத் திருப்பும் விசை உராய்வே. அவ்வுராய்வு எப்பொழுது, எவ்வளவு செயற்படும் என்பதில் உட்கருவுக்கும் பங்குண்டு.