கன்னத்தில் எறும்பு ஊர்ந்தால்

அன்புள்ள தம்பி,

நேற்று மார்க்கெட் ஸ்திரீட் கடையில் தே தாரிக் உன் இடது உதட்டோரம் வழிந்தது. உனக்குத் தெரியவில்லை. கூட வந்த நண்பன் கண்ணைக் காட்டிய பிறகுதான் துடைத்தாய். அப்புறம் கிளாஸைத் தொடவே இல்லை. கூட்டத்தில் பேச வேண்டாமென்று வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். உன் வயதில், டத்தோ கிராமாட் சாலையில் மோட்டாரிலிருந்து விழுந்து எனக்கும் உன்னைப் போலவே இடது கன்ன எலும்புதான் உடைந்தது.

"தட்டு வைத்து எலும்பு சேர்ந்தாச்சு, இன்னும் ஏன் மரத்துக் கிடக்கு?" என்று கேட்டாயாம், உன் அம்மா சொன்னாள். கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியே வரும் நரம்புதான் கீழ் இமை, மூக்கோரம், மேலுதடு, முன்பல் ஈறு எல்லாவற்றுக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. கன்ன எலும்பு பெரும்பாலும் அதை ஒட்டியே உடையும். முகத்தை அசைப்பது வேறு நரம்பு. அதனால் உன் சிரிப்பு கோணவில்லை. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நரம்புக் காயத்தை 1943இல் செடன் என்ற மருத்துவர் மூன்றாகப் பிரித்தார். நசுங்கியது மட்டுமென்றால் சில வாரங்களில் தெளியும். உள்ளிழை அறுந்து உறை மிஞ்சியிருந்தால், இழை அந்த உறைக்குள்ளேயே திரும்ப வளர வேண்டும்: நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழுதும் அறுந்திருந்தால் தானாகச் சேருவது அரிது. உன் டாக்டர் பொறுக்கச் சொன்னது உன்னைத் தட்டிக்கழிக்க அல்ல.

நான் செய்ததைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, பஞ்சு நுனியால் காதோரத்திலிருந்து மூக்கை நோக்கி மெல்ல வருடுவேன். உணர்ச்சி மங்கும் இடத்தில் உன் அத்தையின் புருவப் பென்சிலால் ஒரு புள்ளி. நாலாம் மாதம் புள்ளிகள் மூக்குப் பக்கம் நகர்ந்திருந்தன. அதற்கு முன்பே எறும்பு ஊர்வதுபோல், ஊசி குத்துவதுபோல் இருந்தது. பயந்தேன். அது இழை வளரும் அறிகுறி என்று டாக்டர் சொன்ன அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பதாம் மாதம் கன்னம் திரும்பியது. மேலீறில் ஓரிடம் இன்றும் மரத்தேதான் இருக்கிறது. பல் துலக்கும்போது மட்டும் தெரியும். எல்லாம் திரும்பும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பக்கம் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது. எண்ணெய் போட்டு உருவவும் விடாதே. பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கண் உள்ளே போன மாதிரி இருந்தாலோ, ஷாக் அடிப்பதுபோல் வலித்தாலோ, அப்பாயிண்ட்மென்ட் தேதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போ.

மறுபடி மோட்டார் எடுக்குமுன் தாடையையும் மூடும் முழு ஹெல்மெட் வாங்கு. நான் பணம் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. தே ஆற்றித் தருகிறேன், வலது உதட்டில் சூடு பார்த்துக் குடி.

அன்புடன்,
மாமா