பிணி நாட்களும் சங்கக் கணக்கும்

கூவம் நதிக்கரையிலுள்ள திருவேற்காட்டிற்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை வெகு தொலைவன்று. 1964இல் அப்பேட்டை அமைந்தபின், தந்தை நிலத்திலும் மகன் தொழிற்சாலையிலும் பாடுபடும் குடும்பங்கள் இப்பக்கத்தில் தோன்றின. அத்தகைய வீடொன்றில் இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டதென வைத்துக்கொள்வோம். மகன் வேலைக்கு வராத நாட்கள் பதிவேட்டில் ஏறும். தந்தை படுத்திருந்த நாட்களை எவரும் எழுதுவதில்லை. அவை பின்னர் தவணை பாக்கியாகவே நம் கண்ணில் படும். தறி நெய்யும் அங்கத்தினரின் நிலையும் இதுவே. இவ்வேற்றுமையை ஆராய்வதே இம்மாதப் பாடம்.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. திட்டம் 1952 பிப்ரவரி 24இல் தில்லியிலும் கான்பூரிலும், 1955இல் நமது மாநிலத்தில் கோயமுத்தூரிலும் தொடங்கிற்று. அரையாண்டில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்திய தொழிலாளி, மருத்துவச் சான்று பெற்றால், தினக்கூலியில் நூற்றுக்கு 70 பங்கு வீதம், ஆண்டில் 91 நாட்கள் வரை உதவித்தொகை பெறலாம் என அத்திட்டம் வகுத்தது. பணத்தினும் பெரிய பயன் ஒன்று இதில் உண்டு. நோயுற்ற நாள் எண்ணப்படுகிறது. எண்ணப்படுவதால், எந்த வியாதி வளர்கிறது, எது தேய்கிறது என்பது புலனாகிறது.

காசநோயை நோக்குக. முன்னர் அந்நோயாளி வேலையையும் வீட்டையும் விட்டுப் பல மாதங்கள் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் தங்க நேர்ந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் அமைந்த ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் சானடோரியத்தில் இருப்போருக்கு நிகராகக் குணமடைவதை 1959இல் மெய்ப்பித்தது. உலகெங்கும் சிகிச்சை முறை இதனால் மாறிற்று.

இன்றோ கவலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவும், 35.5 பேருக்கு இரத்தக் கொதிப்பும் உள்ளன. இவை முதலில் எவரையும் படுக்கையில் தள்ளுவதில்லை. ஆயினும் நாளடைவில் பார்வை மங்கினால் நெசவாளர் அறுந்த இழையைக் காண இயலாது. காற்புண் ஆறாவிடில் விவசாயி சேற்றில் இறங்க இயலாது.

தொழிலே தரும் நோய்களும் உண்டு. நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதென வைத்தியர் கேட்க வேண்டுமென்று, 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதினார். குழித்தறியில் குனிந்தே இருப்பவருக்கு இடுப்பும் கழுத்தும் நோகும். வயலில் கடும் வெயிலும், பூச்சிமருந்தும், தேங்கிய நீர்வழி வரும் எலிக்காய்ச்சலும் தாக்கும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் பிணிநாட் பதிவேடு ஒன்று வைத்தல் நலம். அங்கத்தினர் எண், வேலை நின்ற நாட்கள், கண்ட உபாதை, அப்போது செய்த வேலை என நான்கு பத்திகள் போதும். ஒரே மாதத்தில் பலர் இடுப்புவலியால் தறியை நிறுத்தினால், இருக்கையையும் வெளிச்சத்தையும் சீர்செய்யலாம். மருந்து தெளித்த வாரத்தில் தலைசுற்றலும் வாந்தியும் மிகுந்தால், தெளிக்கும் முறையைத் திருத்தலாம். பிணியால் தவணை தவறியவருக்குக் கெடு நீட்டிப்பதை நிர்வாகக் குழு பரிசீலிக்கலாம். 2021 ஆகஸ்டு 5இல் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டிற்கே வந்து கொதிப்பையும் சர்க்கரையையும் சோதிப்பது. அதனையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று அவசியம். இப்பதிவேட்டைக் காட்டி எவருக்கும் கடன் மறுத்தலாகாது. தனியொருவர் நோயைக் கூட்டத்தில் வாசித்தலுமாகாது. மொத்தக் கணக்கே பொதுவில் வரவேண்டும். நம்பிக்கை குன்றினால் அங்கத்தினர் நோயை மறைப்பர், பதிவேடும் பயனற்றுப்போம்.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் விவாதிக்க வேண்டிய வினாக்கள்:

1. சென்ற ஆண்டு நம் வீட்டில் பிணியால் வேலை நின்ற நாட்கள் எத்தனை?
2. அவற்றுள் தவிர்த்திருக்கக்கூடியவை எவை?
3. அதற்குச் சங்கம் செய்யக்கூடியது யாது?