கழிப்பறைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள்

வான்கூவரில் படிக்கும் என் மகள் வார இறுதியில் வீடற்றோர் காப்பகத்தில் தொண்டு செய்கிறாள். போதை மருந்து அளவு மீறி யாராவது மயங்கினால் அவளால் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, திருச்சி

கண்டிப்பாக முடியும். அங்கே அதிக உயிர்களைக் குடிப்பது ஃபென்டனில் என்ற போதை மருந்து. அது மூச்சை அடக்கிவிடும். உதடு நீலம் பாயும், தொண்டை கொரகொரக்கும். குறட்டை என்று நினைத்து விட்டுவிடுவதுதான் ஆபத்து.

தட்டி எழுப்பியும் அசையவில்லையா? உடனே 911-ஐ அழைத்துவிட்டு, ஸ்பிரேயோ ஊசியோ, ஃபென்டனிலை முறிக்கும் மருந்தான நலாக்சோனைக் கொடுக்கட்டும். மூச்சில்லை என்றால் 5 நொடிக்கு ஒருமுறை வாயில் ஊத வேண்டும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொரு டோஸ். கண் விழித்தாலும் கூடவே இருக்க வேண்டும்; நலாக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்து, மயக்கம் மறுபடி வரலாம். போலீஸ் பயம் வேண்டாம். உதவிக்கு அழைப்பவர் மீதும் மயங்கியவர் மீதும் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போடுவதைக் கனடாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நலாக்சோன் பெட்டியை வான்கூவர் இருக்கும் மாகாணம் 2012 முதல் இலவசமாகத் தருகிறது.

தனியாக இருக்கும்போதுதான் பலர் சாகிறார்கள். அதனால்தான் பாஸ்டனில் வீடற்றோருக்கான மருத்துவமனைக் கழிப்பறையில், உள்ளே அசைவு நின்றால் அலறும் கருவியே பொருத்தினார்கள். வான்கூவரில் 2003-இல் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் 'இன்சைட்' மையம் திறந்தது. அதன் 500 மீட்டர் சுற்றளவில் போதை மருந்து அளவு மீறிய மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2011-இல் 'லான்செட்' ஆய்வு காட்டியது.

காப்பகத்தில் நலாக்சோன் எங்கே இருக்கிறது, கழிப்பறையை யார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள் என்று மகள் இந்த வாரமே கேட்டு வைக்கட்டும்.