குவார்ட்டர்ஸ், வாடகை, போக்கியம், சொந்த வீடு: நெய்வேலிக்காரர் போட வேண்டிய கணக்கு

நெய்வேலி நகரியத்துக்குள் யாரும் வீடு வாங்க முடியாது. ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள ஒவ்வொரு வீடும், அதன் கொல்லையில் நிற்கும் மாமரமும் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தம். முப்பது வருடம் குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தவர்கூட ஓய்வு பெற்றபின் சாவியைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நாளை நினைத்துத்தான் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரும் வடக்குத்தும், அந்தப் பக்கம் மந்தாரக்குப்பமும், சற்றுத் தள்ளி வடலூரும் குறிஞ்சிப்பாடியும் வளர்ந்தன. குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருப்பதும் இந்த ஊர்களில்தான்.

வேலை நிச்சயமில்லாத, மனை வியாபாரம் படுத்துக் கிடக்கிற மந்தமான காலத்தில் இந்தக் குடும்பங்களில் ஒரே விவாதம் நடக்கிறது. விலை அசையாமல் நிற்கும்போதே வாங்கிப் போடலாம் என்பது ஒரு கட்சி. நிலைமை தெளியட்டும், வாடகையிலேயே இருப்போம் என்பது இன்னொரு கட்சி. சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை வைத்து நெய்வேலியில் இதை முடிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காரணம், இது ஒரே முதலாளியை நம்பி நிற்கும் ஊர்.

சென்னையில் ஒரு கம்பெனி மூடினால் அங்கே வேலை பார்த்தவருக்குச் சம்பளம் போகும். அவருடைய வீட்டின் விலை அதனால் குறையாது. நெய்வேலியில் அப்படியில்லை. உங்கள் சம்பளமும், பக்கத்து வீட்டுக்காரர் சம்பளமும், கடைத்தெருவில் கடை வைத்திருப்பவரின் வருமானமும், நாளைக்கு உங்கள் வீட்டை வாங்க வரப்போகிறவரின் சம்பளமும் ஒரே சுரங்கத்திலிருந்துதான் வருகின்றன. சோவியத் உதவியோடு 1962-ல் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டது. ஆகவே ஊர் அழிந்துவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. ஓய்வு பெற்றவர் பார்த்த வேலையை ஒப்பந்தத் தொழிலாளி பார்க்கிறார். வேலை அதேதான், ஆனால் அவர் சம்பளத்துக்கு வங்கி கொடுக்கும் கடன் பாதிகூட வராது. நாளைக்கு உங்கள் வீட்டை விலைக்குக் கேட்கப் போகிறவர் அவர்தான்.

ஒரே கம்பெனி ஊரில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த சாட்சி கோலார் தங்கவயல். நூற்றாண்டுக்கு மேல் தோண்டிய சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானவர்கள் அதிகாலை ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். பெங்களூரு ரயில் தூரத்தில் இருந்ததால் அந்த ஊர் தாக்குப்பிடித்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பெருநகரம் இல்லை. அமெரிக்காவில் 2008-ல் வீட்டு விலை சரிந்தபோதும் பலருக்கு இதே கதைதான்: வேலை போனது, வேறு ஊருக்குப் போகலாமென்றால் வீட்டை விற்று வங்கிக்கடனை அடைக்க முடியவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். எண்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதுதான். வீட்டின் விலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 15 லட்சம், வங்கிக்கடன் 25 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இருபது வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 21,700 ரூபாய். இதில் முதல் வருடம் வட்டிக்கு மட்டுமே மாதம் சுமார் 17,500 போகும். கைப்பணம் 15 லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டிருந்தால் மாதம் 8,750 வந்திருக்கும். அதுவும் நஷ்டக் கணக்கில் சேரும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று ஒரு 1,500. ஆக அந்த வீட்டில் குடியிருக்க மாதம் 27,750 ஆகிறது. அதே வீட்டுக்கு வாடகை 9,000 என்றால், மிச்சமுள்ள 18,750-ஐ வீட்டின் விலையேற்றம்தான் ஈடுகட்ட வேண்டும். வருடத்துக்கு 2.25 லட்சம், அதாவது விலை ஆண்டுதோறும் 5.6 சதவீதம் ஏற வேண்டும்.

இதில் பத்திரச் செலவைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3.6 லட்சம் வாங்கிய அன்றே போய்விடுகிறது. மந்தத்தைப் பயன்படுத்தி விலையைக் குறைத்துப் பேசி முடித்தாலும், அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால் தீர்வை அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் மாறிப் போகக்கூடியவர், உதாரணமாக ஒடிசாவின் தலபிரா சுரங்கத்துக்கோ உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூர் மின் நிலையத்துக்கோ மாற்றல் வரக்கூடிய அதிகாரி, இந்த 9 சதவீதத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

"வரி மிச்சமாகுமே சார்" என்று கடன் வாங்கித் தர வருகிறவர்கள் சொல்வார்கள். பழைய வரிமுறையில் இருந்தால் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில், தான் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே கிடையாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்க்காமல் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

குவார்ட்டர்ஸில் இருக்கும் நாற்பது வயது நிரந்தரத் தொழிலாளிக்கு என் யோசனை தெளிவானது. மந்த காலத்தில் அவருக்கு அவசரமே இல்லை. வீட்டு வாடகைப் படியை விட்டுக்கொடுக்கிறார் என்றாலும், அந்தத் தொகைக்கு அத்தனை மரமும் விசாலமான ரோடும் பள்ளியும் மருத்துவமனையும் வெளியே கிடைக்காது. தவணை கட்டியிருக்கக்கூடிய பணத்தில் மாதம் 15,000-ஐ 7 சதவீத வட்டியில் பத்து வருடம் போட்டு வந்தால் சுமார் 26 லட்சம் சேரும். தவணை என்றால் வாயைக் கட்டிக் கட்டிவிடுவோம், சேமிப்பு என்றால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவோம்; இது பெரும்பாலான குடும்பங்களின் நிஜம். சம்பளம் வரவு வைக்கப்படும் அன்றே பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்ய முடியாதவர், சின்னக் கடனில் ஒரு மனையாவது வாங்கிப் போடுவது மேல்.

மனை என்றதும் இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக, விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. தமிழ்நாடே பார்த்துக் கொதித்தது. அந்த நிலங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியாகிவிட்டது என்றது நிறுவனம். உழுது விதைத்த குடும்பங்களின் வேதனை ஒருபுறம். நிலம் வாங்க நினைப்பவர் இதில் பார்க்க வேண்டியது இன்னொன்று. நேரில் போய்ப் பார்த்தால் பச்சைப் பசேலென்று பயிர் நிற்கும் நிலம், காகிதத்தில் வேறொருவருடையதாக இருக்கலாம். ஆகவே சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு முதலில் தாலுகா அலுவலகத்துக்கும் நில எடுப்பு அலுவலகத்துக்கும் போங்கள். கையகப்படுத்தும் அறிவிப்பில் அந்த எண் இருக்கிறதா, சுரங்க விரிவாக்கத்துக்கு உத்தேசித்த பகுதியில் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தரகர் சொல்லும் "அது நம்ம பக்கம் வராதுங்க" என்ற பதிலை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்த வட்டாரத்தில் மனை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது வில்லங்கச் சான்று. முப்பது வருடத்துக்காவது போடுங்கள். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பது நல்ல பழக்கம்: யார் யாருக்கு விற்றார், நடுவில் பவர் பத்திரம் வந்ததா, அடமானம் என்று ஒரு பதிவு இருந்தால் அதைத் தீர்த்த ரசீது பின்னால் பதிவாகியிருக்கிறதா. ரசீது இல்லாத அடமானம் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். தாய்ப்பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் புலப்படத்தில் உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தரச் சொல்லுங்கள். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டு, 2017 விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டதா என்று பாருங்கள். பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குபவர்கள் மனைவி பெயரில் வாங்க இது ஒரு நல்ல காரணம்.

மனையைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் போய் நில்லுங்கள். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது, தெருவில் கடைசியாக ஆழ்துளைக் கிணறு போட்டவர் எத்தனை அடியில் தண்ணீர் எடுத்தார் என்று அந்த வீட்டம்மாவிடம் கேளுங்கள். சுரங்கத்துக்குள் நீர் புகாமலிருக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிற வட்டாரம் இது. தண்ணீர்க் கேள்வி மற்ற ஊர்களைவிட இங்கே முக்கியம்.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை வேறு. இன்கோசர்வ் என்ற தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மூலம் வேலை பார்ப்பவரோ, காண்டிராக்டரிடம் இருப்பவரோ, பணி நிரந்தரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகளைக் கழித்தவர். அந்த நம்பிக்கையை மட்டும் வைத்து இருபது வருடக் கடனில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. அவருக்கு வாடகைதான் பாதுகாப்பு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

வாடகைக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் நம் ஊரில் இருப்பது போக்கியம். லீஸ் என்றும் சொல்வார்கள். ஆறு லட்சம் கொடுத்து மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது, முடிந்ததும் முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. ஆறு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் 3,500. வாடகை 7,000 போகும் வீடு அந்தக் கணக்கில் கிடைத்தால் பாதிச் செலவுதான். ஆனால் மந்த காலத்தில் போக்கியத்துக்கு வீடுகள் அதிகம் வருவதே வீட்டுக்காரர்களுக்குப் பணமுடை என்பதால். அந்தப் பணம் அவர் கடனை அடைக்கப் போய்விடும். மூன்று வருடம் கழித்து இன்னொரு போக்கியக்காரர் கிடைத்தால்தான் உங்கள் பணம் திரும்பி வரும். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருந்து தவணை தவறினால் வங்கி சீல் வைக்கும். நீங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். வில்லங்கம் பார்த்து, ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் போக்கியம் நல்ல வழி. பதிவுக்கு மறுத்தால் வாடகையே கொடுங்கள்.

ஓய்வு பெற இரண்டு மூன்று வருடமே உள்ளவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். "ரிட்டயர் ஆகும்போது சொந்த வீடு இல்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பெண் கொடுக்க வருபவர்களும் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி முழுவதையும் செங்கல்லில் போட்டுவிட்டால் மாதச் செலவுக்கு என்ன வழி? பி.எஃப். ஓய்வூதியம், கூடுதல் பென்ஷன் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, 15,000 ரூபாய் சம்பள வரம்பின்படி அதிகபட்சமே 7,500 ரூபாய் அளவுதான். அதே பணத்தில் 30 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். மாதத்துக்கு 20,500. வாடகை 9,000 போனாலும் அரிசி, மருந்துக்கு மிஞ்சும்.

அதனால் ஓய்வுக்காலத் தொகையில் பாதிக்கு மேல் வீட்டில் போடக்கூடாது என்பது என் கருத்து. அந்தப் பாதிக்குள் வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ இரண்டு படுக்கையறை வீடு கிடைத்தால், அதுவும் கடனில்லாமல் கிடைத்தால், மந்த காலத்திலும் தாராளமாக வாங்குங்கள். கடைசிவரை குடியிருக்கப் போகிற வீட்டுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன! பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்து, எங்கே தங்குவதென்று இன்னும் முடிவாகாதவர்கள், போக நினைக்கும் ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். இரவில் நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். நகரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்து பழகியவர்கள் வெளியே போனபின் முதலில் தவிப்பது அதற்குத்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே இந்த வாடகை வீட்டைப் பேசி வையுங்கள். கடைசி மாதத்தில் தேடினால் தரகர் காட்டுகிற முதல் வீட்டுக்கே கையெழுத்துப் போட வேண்டி வரும்.