வெளிநாடு போனதும் பழைய சேவிங்ஸ் அக்கவுண்டை அப்படியே விடலாமா? என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. ஒரு எளிய பாடம்

கம்பம், சின்னமனூர், போடி பக்கம் படிச்சிட்டு துபாய், சிங்கப்பூர்னு வேலைக்குப் போறவங்க விசா, டிக்கெட், துணிமணி எல்லாத்தையும் சரியா பார்ப்பாங்க. ஒண்ணை மட்டும் மறந்துடுவாங்க: ஊர்ல இருக்கிற பேங்க் அக்கவுண்ட். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பார்க்கப் போறோம்.

முதல் விதி

வேலைக்காக நீங்க இந்தியாவை விட்டுக் கிளம்பிட்டா, ஃபெமா சட்டப்படி (1999) நீங்க என்.ஆர்.ஐ. அதுக்கப்புறம் சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டை அப்படியே வச்சிருக்கக் கூடாது. பேங்க்ல சொல்லி என்.ஆர்.ஓ.வா மாத்தணும். வருமான வரிக்கு நாள் கணக்கு தனி. அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.

ரெண்டு அக்கவுண்ட், ரெண்டு வேலை

என்.ஆர்.ஓ.: இந்தியாவுல வர்ற பணத்துக்கு. வீட்டு வாடகை, பழைய டெபாசிட், டிவிடெண்ட் எல்லாம் இங்க வரும். வட்டிக்கு வரி உண்டு. இதுல இருந்து வெளிநாட்டுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான், அதுவும் உரிய வரியைக் கட்டி, படிவங்களைக் கொடுத்துத்தான் அனுப்ப முடியும்.

என்.ஆர்.இ.: வெளிநாட்டுச் சம்பளத்தை ஊருக்கு அனுப்ப. அசல், வட்டி ரெண்டையும் எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துட்டுப் போகலாம். வட்டிக்கு இந்தியாவுல வரி இல்லை. ஆனா அமெரிக்கா மாதிரி நாடுகள்ல இருந்தா, அந்த நாடு இந்த வட்டிக்கு வரி கேக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

10 லட்சம் டெபாசிட், வட்டி 7% னு வைங்க. வருஷத்துக்கு 70,000 ரூபாய். என்.ஆர்.இ.ன்னா முழுசும் உங்களுக்கு. ஒரு வருஷத்துக்குக் குறைவா எடுத்தா மட்டும் வட்டி கிடைக்காது. என்.ஆர்.ஓ.ன்னா 30% வரி, அதுக்கு மேல 4% செஸ், ஆக 31.2% பிடிப்பாங்க. 21,840 போயிடும், கையில 48,160. உங்க மொத்த இந்திய வருமானம் வரி விலக்கு வரம்புக்குள்ள இருந்தா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணி பிடிச்சதைத் திரும்ப வாங்கலாம். அதனால வெளிநாட்டுச் சம்பளத்தை என்.ஆர்.ஓ.வுல போட்டு வைக்காதீங்க.

அப்பா எடுக்கணும்னா?

அம்மா மருந்துச் செலவு, தம்பி காலேஜ் ஃபீஸ்னு வீட்டுல தேவை இருக்கும். அதுக்காக ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துட்டுப் போகாதீங்க. என்.ஆர்.இ. அக்கவுண்டுல ஊர்ல இருக்கிற நெருங்கிய உறவை "ஃபார்மர் ஆர் சர்வைவர்" முறையில சேர்க்கலாம். நீங்க உயிரோட இருக்கிற வரைக்கும் அவங்க உங்க அதிகாரப் பத்திரத்தை வச்சுத்தான் இயக்க முடியும்.

நிலம் வாங்குற ஆசை இருக்கா?

இதைக் கவனமா படிங்க. சம்பாதிச்ச பணத்துல ஊர்ல ஒரு திராட்சைத் தோட்டமோ, மலை மேல ஏலத்தோட்டமோ வாங்கணும்ங்கிறது நம்ம பக்கத்துப் பசங்களோட கனவு. ஆனா என்.ஆர்.ஐ. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. பணம் என்.ஆர்.இ.ல இருந்தாலும் இதே விதிதான். வீடு, கடை வாங்கலாம். போறதுக்கு முன்னாடியே உங்க பேர்ல இருந்த நிலத்தையும், வாரிசா வர்ற நிலத்தையும் வச்சுக்கலாம்.

"அப்பா பேர்ல வாங்கிடுறேன்"னு சொல்றவங்க ஒண்ணு யோசிங்க. பத்திரத்துல அது அப்பாவோட சொத்து. நாளைக்கு உயில் இல்லாமப் போனா கூடப்பிறந்தவங்களுக்கும் பங்கு வரும். "என் பணம், என் நிலம்"னு கேக்கப் போனா பினாமி சிக்கலும் வரலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

1. பாஸ்போர்ட், விசா, பான் கார்டு, வெளிநாட்டு முகவரிச் சான்று, போட்டோ தயாரா இருக்கட்டும்.
2. வேலையில சேர்ந்ததும் பழைய அக்கவுண்டை என்.ஆர்.ஓ.வா மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க, புதுசா என்.ஆர்.இ. ஒண்ணு ஆரம்பிங்க.
3. நாமினி பேரைச் சரிபாருங்க.
4. நிரந்தரமா ஊர் திரும்பினதும் பேங்க்ல சொல்லுங்க. அன்னையோட என்.ஆர்.இ. வரிச்சலுகை முடியும்.

ஃபெமா மீறினா, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. பேங்க் கிளைக்கு ஒரு நாள் போய்ட்டு வர்றது அதைவிட ரொம்பச் சுலபம். வெளிநாட்டுக்குக் கிளம்புற நண்பர் யாராவது இருந்தா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அவருக்கு இதை அனுப்பிடுங்க!