மேகத்துக்குக் குடிபோகும் முன் ஒரு கணக்கு

இந்தப் பாடத்தை ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

கிள்ளானில் என் மாமா மளிகை, மசாலா மொத்த வியாபாரம் செய்கிறார். தலைமைக் கடை ஒன்று, கிளைக் கடை இரண்டு. பில், சரக்கிருப்பு, கடன் கணக்கு எல்லாம் கடையின் பின்னறையில் இருந்த ஒரு சர்வரில்தான். 2021 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கடைப் பையன்கள் இரண்டு பேர் சர்வரைத் தூக்கி அரிசி மூட்டை மேல் வைத்ததால் கணக்கு தப்பியது.

2024-இல் அந்த சர்வர் அடிக்கடி நின்று போக ஆரம்பித்தது. "புதுசு 18,000 வெள்ளி ஆகுமாம். என்ன செய்யலாம் தம்பி?" என்று மாமா கேட்டார். "கிளவுடுக்குப் போயிடலாம் மாமா. மாசம் 900 வெள்ளிதான். வெள்ளம் வந்தாலும் பயமில்ல" என்றேன்.

தீபாவளி நெருங்கும் நேரத்தில் முதல் பில் வந்தது. 2,235 வெள்ளி! வேலையாட்களின் போனஸுக்காக மாமா ஒதுக்கிய பணத்தில் கை வைக்க வேண்டியதாகிவிட்டது. அவர் திட்டவில்லை. "900-ன்னு சொன்னியே, மீதி எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தப் பாடம்.

கிளவுட் என்றால் என்ன?

மேகக் கணிமை என்று தமிழில் சொல்கிறோம். வானத்தில் ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் தரவு மையங்களில் வைத்திருக்கும் கணினிகளை இணையம் வழியாக நாம் வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். அமேசான் 2006-இல் இந்தச் சேவையை விற்கத் தொடங்கியது. அதன் தரவு மையங்கள் 2010-இல் சிங்கப்பூரிலும், 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் சேவைக்கு வந்தன.

சொந்த சர்வர், வீடு வாங்குவது மாதிரி. முதலிலேயே பெரிய தொகை போய்விடும். கிளவுட், வாடகை வீடு மாதிரி. ஆனால் இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மீட்டர் ஓடுகிறது. ஓடும் நேரத்துக்குக் காசு, வைக்கும் இடத்துக்குக் காசு, வெளியே எடுக்கும் தரவுக்கும் காசு. நான் வாடகையைப் பார்த்தேன், மீட்டரைப் பார்க்கவில்லை.

என் பில் எப்படி ஏறியது?

நான் சொன்ன 900-இல் சர்வருக்கு 600, சேமிப்புக்கு 300. சோதனைக்காக அதே அளவில் இன்னொரு சர்வர் திறந்தேன். வேலை முடிந்ததும் அணைக்க மறந்துவிட்டேன். அதற்கு 600. பாதுகாப்புக்காகத் தினமும் மொத்தக் கணக்கையும், பில் படங்களோடு 40 ஜிகாபைட், கடைக் கணினிக்கு இறக்கச் சொல்லியிருந்தேன். வெளியே எடுத்த அந்தத் தரவுக்கு 570. ஆக 2,070. அதன் மேல் சேவை வரி 8 விழுக்காடு, ஏறக்குறைய 165. கூட்டிப் பாருங்கள், மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பட்ஜெட் போடும் முறை

1. ஒரு தடவைச் செலவு. தரவை மாற்றிக் கொடுப்பவரின் கூலி, வேலையாட்களுக்குப் பயிற்சி. எங்களுக்கு 3,500 வெள்ளி.

2. இரட்டைச் செலவு. வீடு மாறும் மாதத்தில் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டுவோம் இல்லையா? அதே கதைதான். புதியது சரியாக ஓடுகிறதா என்று தெரியும்வரை பழையதை நிறுத்த முடியாது. பழைய சர்வரின் பராமரிப்பு மாதம் 400. மூன்று மாதத்துக்கு 1,200. இதை நான் எழுதவே இல்லை.

3. மாதச் செலவு. சர்வர் ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். எங்கள் கடைக்குத் தேவை ஆறு நாள், நாளுக்கு 12 மணி, ஆக 72 மணி நேரம்தான். இரவிலும் ஞாயிறிலும் தானாக அணையும்படி வைத்தோம். 600 வெள்ளி 260 ஆனது. ஒன்றைக் கவனியுங்கள். சர்வரை அணைத்தாலும் சேமிப்பு இடத்துக்கு வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

4. வெளியே எடுக்கும் செலவு. தினமும் மொத்தத்தையும் இறக்காமல், அன்று மாறியதை மட்டும் இறக்கினால் போதும். வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அடிக்கடி திறக்காத பழைய கணக்குகளை விலை குறைந்த சேமிப்புக்கு மாற்றலாம்.

5. வரியும் டாலரும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 முதல் 6 விழுக்காடு சேவை வரி இருந்தது. 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. பில் டாலரில் வந்தால் வெள்ளியின் மதிப்போடு அதுவும் ஏறி இறங்கும். அதனால் மாதச் செலவின் மேல் குறைந்தது 15 விழுக்காடு தனியாக ஒதுக்குங்கள்.

ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் நல்ல தள்ளுபடி கிடைக்கும். ஆனால் மூன்று மாதப் பில்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். செலவு எச்சரிக்கையை முதல் நாளே போட்டு வையுங்கள். எச்சரிக்கை மணி மாதிரி, அடிக்கத்தான் செய்யும். சர்வரைத் தானாக நிறுத்தாது. மணி அடித்தால் எழுந்து போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதையும் பட்ஜெட் தாளிலேயே எழுதுங்கள்.

கடைசியில் லாபமா?

இப்போது எங்கள் பில் வரியோடு சேர்த்து ஏறக்குறைய 605 வெள்ளி. முதல் இரண்டு செலவும் சேர்ந்து 4,700. ஐந்தாண்டுக்குப் பிரித்தால் மாதம் 78. ஆக 683. புது சர்வர் வாங்கியிருந்தால்? 18,000-ஐ ஐந்தாண்டுக்குப் பிரித்தால் மாதம் 300, பராமரிப்பு 400, ஆக 700. மின்சாரமும் ஏர்கோனும் தனி. பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ள பயம் போனதுதான் உண்மையான லாபம். "கிளவுட்னா மலிவு" என்று யாராவது சொன்னால், தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கூடுதலாகப் போன பணத்தை என் சம்பளத்திலிருந்து கொடுக்கப் போனேன். மாமா வாங்கவில்லை. "பணம் வேணாம் தம்பி. அடுத்த தடவ வாயால சொல்லாத, எழுதிக் காட்டு" என்றார். அந்த ஆண்டு போனஸ் ஒரு வாரம் தாமதமாக, ஆனால் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

பயிற்சி: உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு சிறு வியாபாரம் இருந்தால், மேலே சொன்ன ஐந்து செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த வரியில் எண் போட முடியாமல் பேனா நிற்கிறதோ, அதை முதலில் விசாரியுங்கள். என் பேனா நிற்கவே இல்லை, ஏனென்றால் நான் அதை எடுக்கவே இல்லை!