போன் சொல்லும் பிரஷரை நம்பலாமா?

கேள்வி: என் அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். மணிக்கட்டில் ஊசி போட்டு, மானிட்டரோடு இணைத்திருக்கிறார்கள். பிரஷர் பார்க்கத்தான் என்று சிஸ்டர் சொன்னார். என் மச்சானோ, “போன் கேமராவில் விரலை வைத்தாலே பிரஷர் சொல்கிற ஆப் இருக்கே, மாமாவை ஏன் குத்தணும்?” என்கிறார். அவர் சொல்வது சரியா?
— வாசகர், இலஞ்சி

பதில்: இன்றைய நிலையில் சரியில்லை. மணிக்கட்டில் இருப்பது ‘ஆர்ட்டீரியல் லைன்’. தமனிக்குள் இருக்கும் அழுத்தத்தை அது நேரடியாக அளந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் மானிட்டரில் காட்டும். போன் அழுத்தத்தை அளப்பதே இல்லை. ஃபிளாஷ் வெளிச்சத்தில், துடிப்புக்குத் துடிப்பு விரலில் ரத்தம் கூடிக் குறைவதைக் கேமரா பார்க்கிறது. அந்த அலையின் வடிவத்தை வைத்து மென்பொருள் ஓர் எண்ணை ஊகிக்கிறது. அருவி இரைச்சலைக் கேட்டே மலையில் எவ்வளவு மழை என்று சொல்வதுபோலத்தான். பல நாள் சரியாக இருக்கும். வெள்ளம் வரும் நாளில் அதை நம்பி அருவிக்கடியில் நிற்க முடியாது.

ஐ.சி.யூ. நோயாளிக்கு அது வெள்ள நாள். கிருமித்தொற்றால் அழுத்தம் சரிந்தவருக்குச் சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள நார்அட்ரினலின் கொடுப்போம். அந்த மருந்தே விரல்நுனி ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் சில்லிட்டு, கேமராவுக்குக் கிடைக்கும் அலை மங்கிப்போகும். உண்மையில் 55 இருக்கும்போது போன் 70 என்று காட்டினால், மருந்தைக் கூட்ட வேண்டிய நேரத்தில் கைகட்டி நிற்போம்.

ஆனாலும் இந்த ஆப்களைச் சோதிக்க ஐ.சி.யூ. நல்ல இடம். ஒப்பிட உண்மையான அளவு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக யாரையும் குத்த வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2020-இல் ‘ஆப்டிபிபி’ என்ற ஆப்பைக் கைப்பட்டை அளவோடு ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு, சர்வதேச வரம்புக்குள் இருந்தது. சராசரி வித்தியாசம் 5, சிதறல் 8 மி.மீ. பாதரசத்தைத் தாண்டக்கூடாது என்பது அந்த வரம்பு. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். ஒருவருக்கு 20 கூட்டியும் இன்னொருவருக்கு 20 குறைத்தும் காட்டினால் சராசரி வித்தியாசம் பூஜ்யம்! அதனால்தான் சிதறலுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனாலும், அழுத்தம் சரியும்போது கருவியும் கூடவே இறங்குகிறதா என்பதே ஐ.சி.யூ.வில் கேட்க வேண்டிய கேள்வி.

இப்படி ஓர் ஆய்வுக்கு உங்களிடம் சம்மதம் கேட்டால் பயப்பட வேண்டாம். சிகிச்சை முழுக்க லைன் காட்டும் எண்ணை வைத்துத்தானே நடக்கும் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: சீசனுக்குக் குற்றாலம் போய், ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்ததும் ஆப்பில் பார்த்தேன். 158 என்றது. மாத்திரையைக் கூட்டலாமா?
— வாசகி, பாவூர்சத்திரம்

பதில்: கூட்டாதீர்கள். குளிர்ந்த நீர் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் அழுத்தம் சிறிது நேரம் உயரும். விறைத்த விரலில் போனின் ஊகமும் கெடும். போன் உயர்த்திக் காட்டுவதைவிட, ‘நார்மல்’ என்று காட்டுவதுதான் அதிக ஆபத்து. 2014-இல் வெளிவந்து அமோகமாக விற்ற ‘இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்’ என்ற ஆப்பை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் 77 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது ‘உயர்வு இல்லை’ என்றது!

கேள்வி: அப்படியானால் வீட்டில் எதில் பார்ப்பது?
— வாசகர், செங்கோட்டை

பதில்: மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவியில். பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நோட்டில் குறித்து வையுங்கள். கருவி வாங்க வசதியில்லாவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்தே பிரஷர் பார்க்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், மாத்திரையும் இலவசம்.